மாட்டுக்கு மாலிக் அமிலமா, சோடா உப்பா, வைக்கோலா? பெகுப் பக்கத்துப் பால்காரர்களுக்கு ஒரு கணக்கு

போன மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை பெகுவிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "செவலை எந்திரிக்க மாட்டேங்குதுப்பா. ராத்திரியிலருந்து அசையும் போடல." ரங்கூனில் முதல் பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது கொம்பில் பூசிய மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கழுத்து மாலை வாடிக் கிடந்தது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்தினேன். நல்ல மாடாக இருந்தால் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளேயிருந்து அலை மாதிரி ஒன்று வந்து கையைத் தள்ளும். ஐந்து நிமிஷம் வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. தண்ணீர்ப் பையைத் தொட்டது போல் தளதளவென்று இருந்தது. சாணி மஞ்சளாக, நுரையோடு, புளித்த மாவின் வாடையோடு கிடந்தது.

முதல் நாள் சாயங்காலம் தெருவில் ஆறு வீட்டுப் பொங்கலும் செவலையின் வாய்க்குத்தான் போயிருக்கிறது. அத்தனையும் ஆசையாக ஊட்டியது. மாட்டு டாக்டர் வந்து சோடா உப்புக் கரைசலைக் குழாய் போட்டு உள்ளே இறக்கி, நரம்பில் மருந்து ஏற்றிக் காப்பாற்றினார். பால் பழைய அளவுக்கு வர மூன்று வாரம் ஆனது.

அதற்கு அடுத்த வாரம் தீவன மருந்து விற்பவர் ஒருவர் வந்து, மாலிக் அமிலம் கலந்த மாவைத் தினமும் போட்டால் இந்த நோவே வராது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சித்தப்பாவும் பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். தீவனக் கலவைக் கூடத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பொங்கல் தின்று படுத்த மாட்டை எந்த மாவும் காப்பாற்றியிருக்காது. அது விபத்து. வெந்த அரிசியும் வெல்லமும் ஒரே நேரத்தில் முதல் வயிற்றில் இறங்கினால் ஸ்டிரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற நுண்ணுயிர் அரை மணிக்குள் இரட்டிப்பாகிக் கொண்டே போய் லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. அதற்கு ஒரே வழி, வரும் பொங்கலுக்கு ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி என்று தெருவில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்வதுதான்.

நம் கையிலிருந்து உண்மையில் காசை உருவுவது கண்ணுக்குத் தெரியாத புளிப்பு. கன்று ஈன்ற ஃபிரீசியன் கலப்பு மாட்டுக்குப் பால் கூடட்டும் என்று நொய்யும் தவிடும் புண்ணாக்கும் அள்ளிப் போடுகிறோம். முதல் வயிற்றின் பி.எச். அளவு (இந்த எண் இறங்கினால் புளிப்பு ஏறுகிறது என்று பொருள்) ஆறுக்கு மேல் இருக்க வேண்டியது, தினமும் சில மணி நேரம் ஐந்தரைக்குப் பக்கம் இறங்குகிறது. மாடு படுத்துவிடாது. ஒரு நாள் நன்றாகத் தின்னும், மறுநாள் முகம் திருப்பும். சாணி இளகும். மாதக்கணக்கில் போனால் குளம்பு நோகும். பாலில் கொழுப்பு இறங்கும். தயிருக்கு வாங்குகிறவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்: "ஆடையே விழலையே, தண்ணி ஊத்துறீங்களா?" ஊற்றாத தண்ணீருக்குச் சித்தப்பா பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத் தடுக்க என்ன வாங்குவது என்பதுதான் கேள்வி.

மாலிக் அமிலம் பச்சை ஆப்பிளின் புளிப்பு. 1785-ல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் ஆப்பிள் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். லத்தீனில் ஆப்பிளுக்கு மாலும் என்று பெயர். நமக்குக் கிட்டத்தில் இருப்பது கொண்டைக்கடலைச் செடி. மகுவே, சகாயிங் பக்கம் கடலை வயலில் விடியற்காலை நடந்தவர்களுக்குத் தெரியும். இலையின் பொடி ரோமங்களில் முத்து முத்தாக நிற்பதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் சுரீரென்று புளிக்கும். அதில் பெரும்பங்கு மாலிக், கூடவே ஆக்சாலிக். இந்தியாவில் சில ஊர்களில் இரவில் செடிமேல் மெல்லிய துணியை விரித்து, ஊறிய புளிப்பைக் காலையில் பிழிந்து வயிற்று மருந்தாக வைத்துக்கொள்வது வழக்கம்.

புளிப்பால் நொந்த வயிற்றுக்குப் புளிப்பையே ஏன் கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். சரியான கேள்வி. முதல் வயிற்றில் செலெனோமோனாஸ் ருமினான்டியம் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. லாக்டிக் அமிலத்தைத் தின்று புரோபியோனிக் அமிலமாக மாற்றுவது அதன் வேலை. அந்த வேலைக்கு நடுவில் வேண்டிய ஒரு சரக்குக்கு அதனிடம் அடிக்கடி தட்டுப்பாடு வரும். அந்தத் தட்டுப்பாட்டை மாலேட், அதாவது மாலிக் அமிலத்தின் உப்பு வடிவம், நிரப்பும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிஸ்பெட், மார்ட்டின் இருவரும் செய்த சோதனைகளில், மாலேட் சேர்த்ததும் இந்த நுண்ணுயிர் லாக்டிக்கை உறிஞ்சும் வேகம் பல மடங்கு ஏறியது. கிடைக்கும் புரோபியோனிக், மாட்டின் ஈரலில் சர்க்கரையாகி, மடியில் பாலின் சர்க்கரையாகிறது. இந்த மாற்றத்தில் ஹைட்ரஜனும் செலவாவதால், ஏப்பமாக வெளியேறும் மீத்தேனுக்குப் போகும் பங்கு குறையும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

சோதனைக் குழாயில் தெரிந்த அளவு மாட்டில் தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1982-லேயே கறவை மாடுகளுக்கு நாளைக்கு 70, 105, 140 கிராம் என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் சிலவற்றில் பால் கொஞ்சம் கூடியது, சிலவற்றில் அசையவே இல்லை. நொய், புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் அதிகம் தின்னும் மாட்டில்தான் பலன் தெரிகிறது. வைக்கோலும் புல்லும் முக்கால் வயிறு தின்னும் மாட்டில் தின்று தீர்க்க லாக்டிக்கே அவ்வளவாக இல்லை. மீத்தேனைக் கண்கூடாகக் குறைக்க வேண்டுமென்றால் தீவனத்தில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை கலக்க வேண்டியிருந்தது. அந்த அளவில் மாடு தின்பதும் குறைந்துபோனது. பால் விற்றுப் பிழைக்கிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி மற்ற வழிகள். சோடா உப்பு, அதாவது ஆப்பத்துக்குப் போடும் அதே சோடா, எந்த நுண்ணுயிரையும் எழுப்பாது. வந்த அமிலத்தை நேராக முறிக்கும், அவ்வளவுதான். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 100 முதல் 200 கிராம். பலன் பல பத்தாண்டுகளாகப் பார்த்த பலன்; பாலின் கொழுப்பு மீண்டு வருவதில் இதன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. விலையும் மாலிக்கைவிடக் குறைவு. சுவை பிடிக்காத மாடு முதல் இரண்டு நாள் தொட்டியை முகர்ந்துவிட்டு நிற்கும். பத்து நாளில் படிப்படியாக ஏற்றினால் பழகிவிடும். கன்று ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் சோடியம் ஏறினால் ஈன்றபின் சுண்ணாம்புச் சத்து இறங்கி மாடு பால்சுரத்தில் விழ வாய்ப்பு கூடும்.

உயிருள்ள ஈஸ்ட் மூன்றாவது வழி. இதுவும் லாக்டிக் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் துணை போகிறது. ஈஸ்ட் வளர்ந்த நீரிலேயே மாலிக் அமிலம் இருப்பதையும், ஜப்பானில் சோயா சாஸ் நொதிக்க வைக்கும் கோஜிப் பூஞ்சையான ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயின் நொதிநீரிலும் அதே தூண்டுதல் இருப்பதையும் மேலே சொன்ன அதே ஆய்வுக்காரர்கள் காட்டினார்கள். ஆகவே ஈஸ்ட் வாங்குகிறவர் கொஞ்சம் மாலேட்டையும் சேர்த்தே வாங்குகிறார். நாளைக்குச் சில கிராம் போதும் என்பது வசதி. ஆனால் அது உயிருள்ள சரக்கு. ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் இரண்டு வாரம் வைத்த பையில் எத்தனை உயிர் மிஞ்சும்? எங்கள் கூடத்திலேயே குளிர் அறையில் வைக்காத ஈஸ்ட் செத்துப்போய், வளர்ப்புத் தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மொனென்சின் பற்றி நீளமாகச் சொல்ல விரும்பவில்லை. லாக்டிக் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கும் மருந்து, வேலை செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காக இதைத் தீவனத்தில் போடுவதை நிறுத்திவிட்டது; மாலிக் மாதிரியான அமிலங்கள் பக்கம் பார்வை திரும்பியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். மில்லிகிராம் கணக்காகக் கலக்க வேண்டிய மருந்தை வீட்டுத் தொட்டியில் மண்வெட்டியால் கலப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. குதிரைக்கு இது நஞ்சு. மேமியோவிலோ பாகானிலோ வண்டிக்குதிரை வைத்திருக்கும் உறவுக்காரர்களுக்கு மிச்சத் தீவனம் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மில் உண்டு. இது கலந்த தீவனத்தை, இது கலந்த கோழித்தீவனத்தையும் சேர்த்து, ஒரு பிடிகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது வைக்கோலை. பெரிய கறவை மாடு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அதில் கரைந்திருப்பது சோடா உப்பேதான், கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். மூட்டையிலிருந்து நாம் போடுவது 150 கிராம். ஆனால் மாடு மென்றால்தான் உமிழ்நீர் வரும். நீள இழையுள்ள வைக்கோலும் புல்லும் இருந்தால்தான் மெல்லும். சித்தப்பா வீட்டில் காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கும்போது வெறும் வயிற்றில் ஒரு தொட்டி நொய்யும் புண்ணாக்கும், பிறகு எட்டு மணிக்கு வைக்கோல். அந்த வரிசையே தப்பு. முதலில் வைக்கோல், அரை மணி கழித்து அடர்தீவனம். இரண்டு வேளைக்குப் போடுவதை நாலு வேளையாகப் பிரிக்க வேண்டும். நொய்யில் பாதியைத் தவிடாக மாற்ற வேண்டும். காசு செலவில்லாத இந்த மூன்றையும் செய்யாமல் மாலிக் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி.

பச்சைத் தீவனத்திலேயே மாலேட் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. இளம் குதிரைமசாலில் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 3 முதல் 7 பங்கு வரை அளந்திருக்கிறார்கள். முற்றினால் குறையும், காய்ந்தால் இன்னும் குறையும். பெகுவின் நீர் தேங்கும் நெல்மண்ணில் குதிரைமசால் நிற்காது. மேட்டு நிலம் வைத்திருப்பவர் முயன்று பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் மாலிக் வாங்குவதென்றால், எந்த மாலிக் என்று பார்க்க வேண்டும். சந்தையில் வெள்ளைப் பொடியாக வருவதில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. பியூட்டேன் வாயுவை மாலியிக் நீரிலியாக்கி, அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் தண்ணீர் ஏற்றுவார்கள். கிடைப்பது டி.எல். வகை, இடது கை வலது கை மாதிரி இரண்டு வடிவம் கலந்தது: ஆப்பிளிலும் மாட்டிலும் உள்ள எல் வடிவம் பாதி, இயற்கையில் அரிதான டி வடிவம் பாதி. இரண்டாவது வகை ஜப்பானில் தனாபே செயாக்கு நிறுவனம் 1974-ல் ஆலை அளவில் தொடங்கியது. பாக்டீரியாக்களைக் கூழுக்குள் அடைத்து, ஃபுமாரிக் அமிலக் கரைசலை அதன் வழியே ஓடவிட்டால் மறுமுனையில் எல் வடிவம் மட்டும் வரும். மூன்றாவது வகை சர்க்கரையை நொதிக்க வைத்து எடுப்பது.

டி.எல். வகை மாட்டுக்கு வீண் என்று சொல்லமாட்டேன். 1999-ல் அமெரிக்காவில் அடர்தீவனம் தின்னும் காளைகளுக்கு டி.எல். வகையைக் கொடுத்தபோதும் முதல் வயிற்றின் பி.எச். ஏறியது. ஆனால் நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை: மூட்டையில் இருப்பது அமிலமா, உப்பா? தனி அமிலம் மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கட்டியாகும். சோடா உப்போடு ஒரே தொட்டியில் போட்டு வைத்தால் இரண்டும் பொங்கி ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்; இரண்டுக்கும் கொடுத்த காசு நுரையாகப் போகும். ஆகவே சோடியம் மாலேட்டோ கால்சியம் மாலேட்டோதான் நமக்கு ஏற்றது. அப்போது எடையையும் திருத்த வேண்டும். 70 கிராம் அமிலத்துக்குச் சமம் 93 கிராம் சோடியம் மாலேட், கால்சியம் மாலேட் என்றால் 90 கிராம். மூட்டையில் உப்பு எத்தனை பங்கு, நிரப்பு மாவு எத்தனை பங்கு என்று அச்சிட்டிருக்காவிட்டால் வாங்காதீர்கள். விற்க வந்தவரின் தாளில் அது இல்லை.

கூடியிருந்தவர்களில் படித்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நம்ம பக்கமே கரும்பாலை இருக்கு, கழிவுப்பாகு கிடைக்குது. நாமளே நொதிக்க வச்சு எடுக்க முடியாதா?" அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. 1960-களிலேயே இதற்கு ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள்: ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். 1991-ல் அதை வைத்து லிட்டருக்கு 113 கிராம் வரை எடுத்துக் காட்டினார்கள். மழைக்காலத்தில் நம் கடலைப் புண்ணாக்கின்மேல் மஞ்சள்பச்சையாகப் படர்கிறதே, அதே பூஞ்சைதான். அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்குவதும் அதுவே. மாடு தின்றால் உருமாறிப் பாலில் இறங்கும், நம் பிள்ளைகளின் தம்ளருக்கு வரும். அதனால்தான் அந்தப் பூஞ்சையை உணவுக்கான அமிலத் தயாரிப்புக்கு யாரும் நம்பி எடுக்கவில்லை. பிறகு அதன் நஞ்சில்லாத உறவான ஒரைசேயின் மரபணுவை மாற்றி 2013-ல் லிட்டருக்கு 154 கிராம் வரை எட்டினார்கள்.

அது கிருமி நீக்கிய உருக்குத் தொட்டியில், காற்று செலுத்தி, நாள்கணக்கில் கண்காணித்துச் செய்யும் வேலை. நொதிக்கும்போது சுண்ணாம்புக்கல் தூள் போட்டுப் புளிப்பை முறிப்பார்கள். கிடைப்பது கால்சியம் மாலேட். சுத்தமான அமிலம் வேண்டுமென்றால் அதன்மேல் கந்தக அமிலம் ஊற்றி, மலைமலையாக ஜிப்சம் கழித்து எடுக்க வேண்டும். மாட்டுக்குக் கால்சியம் மாலேட்டே போதும், அந்தக் கடைசிப் படி தேவையில்லை. ஆலை வைக்க முடிந்தவர்கள் என்றைக்காவது இதை யோசிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். வீட்டுப் பீப்பாயில் மட்டும் வேண்டவே வேண்டாம். மூடாத பாகுத் தொட்டியில் எந்தப் பூஞ்சை குடியேறும் என்று நம் கண்ணுக்குத் தெரியாது. மாலிக்குக்குச் செலவழிக்க நினைத்த காசில் புண்ணாக்கு மூட்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைக்கப் பலகை அடித்தால் பாலுக்கு அதைவிடப் பெரிய நன்மை.

கோழியும் பன்றியும் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அங்கே கணக்கு வேறு. அவற்றுக்கு அமிலம் போடுவது தீவனத்தின் புளிப்பைக் கூட்டிக் குடலில் கெட்ட கிருமியை ஒடுக்கத்தான். அதற்கு ஃபார்மிக் அமிலம் மலிவு. எடைக்கு எடை அமில வலுவும் மாலிக்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் கையைச் சுடும், மூக்கை எரிக்கும், இரும்பை அரிக்கும். உறை போட்ட தயாரிப்பாக வாங்குங்கள். திரவமாக வீட்டில் ஊற்றாதீர்கள்.

சித்தப்பா தெருவில் முடிவானது இது. ஐந்து வீட்டிலும் வைக்கோல் முன்னால், தொட்டி பின்னால், நாலு வேளை. சோடா உப்பு, ஈன்று மூன்று மாதம் ஆகாத மாடுகளுக்கு மட்டும், தினம் 150 கிராம். அப்படி ஐந்து வீட்டிலும் சேர்த்துப் பத்து மாடு. 60 நாளைக்கு 90 கிலோ, பர்மா வீசைக்கு 1.63 கிலோ என்று வைத்தால் 55 வீசை. மாலிக் முழு மந்தைக்கும் வேண்டாம். மழைக்குப் பின் ஈனப்போகும் மூன்று மாடுகளுக்குக் கால்சியம் மாலேட், ஈன்ற நாளிலிருந்து 60 நாள், தினம் 90 கிராம். மொத்தம் 16 கிலோ 200 கிராம், பத்து வீசைக்குச் சற்றுக் குறைவு. அதே சமயத்தில் ஈனும் வேறு மூன்று மாடுகளுக்குச் சோடா உப்பு மட்டும்.

ஆறு மாட்டின் பாலையும் வாரம் ஒரு நாள் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கொழுப்பு நான் பார்க்கிறேன். மாடு அசை போடும் நேரத்தைச் சித்தி பார்க்கிறார். தொழுவத்துத் தூணில் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. முதல் பக்கத்தில் செவலையின் பெயர் எழுதியிருக்கிறது. ஐப்பசியில் அதுதான் முதலில் ஈனுகிறது.